கடைசிக் காம்பரா வண்டு

கோயில் விழா மலருக்கு என் அப்பாவைப் பற்றி நாலு வரி எழுதித் தரச் சொன்னீர்கள். படத்தோடு முதல் பக்கத்தில் போடுவதாகவும் சொன்னீர்கள். எந்தப் படம் என்று எனக்குத் தெரியும். வெள்ளைச் சட்டை, கையில் செபமாலை, சிரிக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிற முகம். கோயில் சுவரில் இன்னும் அதே ஆணியில்தான் தொங்குகிறது. எழுத உட்கார்ந்தேன். ‘அவர் நல்லவர்’ என்று ஒரு வரி எழுதினேன். அது பொய்யில்லை. ஆனால் அதற்கு மேல் பேனா நகரவில்லை. ஆகையால் நாலு வரிக்குப் பதிலாக இது. நீளமாக இருக்கிறதே என்று ஏசாதீர்கள். உங்களுக்கும் இப்போது வேறென்ன வேலை? பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கூட வேனில் ஏற்றிவிட்டால் மத்தியானம் வரை வெயில் காய்கிறவர்கள்தானே நாமெல்லாம்.

நம் லயத்தை நான் உங்களுக்கு விவரிக்கத் தேவையில்லை. ஆனால் மலரை வாசிக்கப்போகிற உங்கள் மருமக்களுக்காகச் சொல்கிறேன். உடப்புசல்லாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் எல்லா லயமும் ஒரே மாதிரிதான். வரிசையாக ஒற்றை அறைக் காம்பராக்கள், முன்னால் அழுக்குத் தண்ணீர் ஓட ஒரு கான், கொஞ்சம் தள்ளித் தண்ணீர் விழுகிற பீலி. நம்முடையது கோயிலை ஒட்டியிருந்தது, அதுதான் அதன் பெருமை. கோயிலுக்குப் பக்கத்து முதல் காம்பராவில் நாங்கள் இருந்தோம். மறுகோடியில் கடைசிக் காம்பரா, அதற்கு அப்பால் காடு. லயத்துக்குப் பின்னால் சரிவில் ஆளுக்கொரு மரக்கறித் துண்டு. அந்தத் துண்டில் விளைகிற உருளைக்கிழங்கும், கோவா என்கிற முட்டைக்கோசும்தான் நம் வீடுகளில் கொழுந்துச் சம்பளத்துக்கு மேல் இருந்த ஒரே ஆதாரம். துண்டு போனால் அந்த வருடம் பிள்ளைகள் காலுக்குச் சப்பாத்தும் இல்லை, கிறிஸ்மசும் இல்லை, தீபாவளியும் இல்லை.

அப்பாவுக்குப் பகலில் தேயிலை அரைக்கிற ஸ்டோரில் கொழுந்து வாட்டுகிற வேலை. மாலையில் உபதேசியார். பங்குச் சாமியார் மாதத்தில் ஒரு ஞாயிறுதான் மேலே வருவார். மற்ற நாளெல்லாம் செபம் சொல்வது, செத்தவரை அடக்கம் செய்வது, பயந்த பிள்ளைக்குத் தீர்த்தம் தெளிப்பது, புருசன் பெண்சாதி சண்டையை விலக்குவது எல்லாம் அப்பாதான். வேதக்காரர்களுக்கு மட்டுமில்லை, மாரியம்மனைக் கும்பிடுகிறவர்களுக்கும் அவர் உபதேசியாரய்யாதான். அவர் பீலிப் பக்கம் நடந்து வந்தால் குளிக்கிற ஆண்கள் பாட்டை நிறுத்துவார்கள். எனக்குத் தலைகால் புரியாத பெருமை. உபதேசியார் மகள் என்று சொல்லிச் சொல்லியே உங்களிடம் எத்தனை விளையாட்டில் கள்ளாட்டம் ஆடியிருக்கிறேன். ஒருத்தராவது கேட்டிருப்பீர்களா?

கடைசிக் காம்பரா அப்போது காலியாகக் கிடந்தது. அதில் இருந்தவர்கள் இந்தியாவுக்குப் போய்விட்டார்கள். ஒரு மழை நாள் மாலையில் அப்பா டவுனிலிருந்து வரும்போது பின்னால் மூன்று பேர் நனைந்துகொண்டு வந்தார்கள். ஒரு மாமா, ஒரு அத்தை, என் வயதில் ஒரு பிள்ளை. மூன்று பேருக்கும் சேர்த்து ஒரு மூட்டை. கீழே வேறு ஏதோ தோட்டத்தில் தமிழருக்கு எதிரான வன்செயலில் அவர்களுடைய லயத்தைக் கொளுத்திவிட்டார்களாம். டவுன் பஸ் நிலையத்தில் மூன்று நாளாக உட்கார்ந்திருந்தவர்களை அப்பா கூட்டிக்கொண்டு வந்திருந்தார்.

கண்டாக்கு ஐயாவிடம் அப்பாவே போய் நின்றார். தோட்டத்தில் வேலையும் காம்பராவும் அவர் பார்த்துக் கொடுப்பதுதான். “பேர் பதியமாட்டேன் உபதேசியாரே. வெளியாளு. நாளைக்குத் தொரை கேட்டா நான் என்ன சொல்றது?” என்றார் அவர்.

“நான் பொறுப்புங்க ஐயா” என்றார் அப்பா.

அந்த ஒரு சொல்லில்தான் அவர்கள் கடைசிக் காம்பராவில் இருந்தார்கள். வேறு எந்தப் பிடிமானமும் அவர்களுக்கு இல்லை. அப்பா அன்று வீடு வீடாகப் போய்ப் போர்வையும் சட்டியும் வாங்கிக் கொடுத்தார். அம்மா தன் பழைய சேலை இரண்டைக் கொடுத்தாள். நல்லவர் என்று எழுதினேனே, இதை நினைத்துத்தான் எழுதினேன்.

அந்தப் பிள்ளை எனக்கு ஒரு வாரத்தில் கூட்டாளி ஆகிவிட்டாள். பேசவே மாட்டாள். பேசினால் காதுக்குள் வந்து பேசுவாள். அவளிடம் ஒரு பால்மா டின் இருந்தது. மூடியில் ஆணியால் ஓட்டை போட்டிருந்தாள். ஒரு நாள் காட்டுக்குப் போகிற வழியில் என்னை உட்கார வைத்துத் திறந்து காட்டினாள். உள்ளே உக்கிப்போன மரத்தூள். அதைக் கிளறினால் கறுப்பாக ஒரு வண்டு. என் நடுவிரல் நீளம் இருக்கும். தலையில் மானுக்கு இருப்பது போல இரண்டு கொம்பு. வெளிச்சத்தில் திருப்பினால் அந்தக் கறுப்புக்குள் ஒரு கருஞ்சிவப்புத் தெரியும். பொன்வண்டைத்தான் நாமெல்லாம் பிடித்து விளையாடியிருக்கிறோம். இப்படி ஒன்றை நான் பார்த்ததே இல்லை.

“இவரு பேரு கொம்பன். வெறகுக்குள்ள இருந்தாரு” என்றாள்.

விறகு விஷயம் இதுதான். கவ்வாத்து வெட்டினால் விழுகிற தேயிலை மிலாறு நமக்கு அடுப்புக்குக் கிடைக்கும். பேர் பதியாதவர்களுக்கு மிலாறு கிடையாது. கடைசிக் காம்பரா மாமா அதனால் காட்டில் விழுந்து உக்கிக் கிடந்த மரங்களை இழுத்துக்கொண்டு வந்து வாசலில் அடுக்கியிருந்தார். ஈர விறகு. அவர்கள் காம்பராவில் எந்நேரமும் புகை. அத்தை இருமிக்கொண்டே சமைப்பாள். அந்த மரங்களைப் பிளக்கும்போதுதான் கொம்பன் வந்திருக்கிறது.

கொம்பனுக்கு நாங்கள் நூல் கட்டித் தீப்பெட்டியை இழுக்க வைத்தோம். என்ன கொடுத்தாலும் தின்னாது. கோவா இலை போட்டோம். கிழங்கைச் சீவிப் போட்டோம். இரண்டு நாள் அந்தச் சீவல் கறுத்துச் சுருங்கிக் கிடந்தது, கொம்பன் பக்கத்திலேயே போகவில்லை. கனிந்து நசுங்கிய வாழைப்பழத்தை மட்டும் நக்கியது. அது நக்குவதைப் பார்த்து என் கூட்டாளி முதல் முறையாகச் சத்தமாகச் சிரித்தாள்.

அந்த நாட்களில்தான் அப்பா விதைக் கிழங்கு கொண்டுவந்தார். நுவரெலியாவில் விதை விற்கிற முஸ்லிம் முதலாளி ஒருவரைத் தெரியும். அவரிடம் கெஞ்சிக் கூத்தாடி வெளிநாட்டு விதைக் கிழங்கு ஒரு சாக்கு வாங்கி, பஸ்ஸில் ஏற்றி, சந்தியிலிருந்து தலையில் சுமந்துகொண்டு மேலே ஏறினார். சாக்கில் நீல மையில் ஒரு கப்பல் படமும் வாசிக்கத் தெரியாத எழுத்தும். உங்களுக்கு ஞாபகம் இருக்கும், நீங்கள் எல்லாரும் அந்தக் கப்பலைத் தொட்டுப் பார்க்க வரிசையில் நின்றீர்கள். அப்பா சாக்கைப் பீடத்துக்கு முன்னால் வைத்து, செபம் சொல்லி, தீர்த்தம் தெளித்து, காம்பராவுக்கு ஒரு கூடை என்று பங்கிட்டார். கடைசிக் காம்பராவுக்கும் ஒரு கூடை. அத்தை அந்தக் கூடையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

வெறும் சாக்கை அம்மா எங்கள் துண்டின் ஓரத்தில் உதறினாள். காய்ந்த மண்ணோடு சின்னச் சின்னப் பழுப்பு வண்டுகள் விழுந்தன. தேயிலைத் தூள் நிறம், மிளகைவிடக் கொஞ்சம் பெரிசு. நான் ஒன்றைக் காலால் நசுக்கினேன்.

“ஏ புள்ள, செருப்பில்லாத காலு. கெழங்கோட வந்ததா இருக்கும். நம்ம குளுருக்கு அதுவே செத்துப்போயிரும்” என்றாள் அம்மா.

சாக்கு எனக்குக் கிடைத்தது. அம்மா அதைத் துவைத்துப் பழைய துணி வைத்துத் தைத்துக் கொடுத்தாள். பல வருடம் அந்தக் கப்பல் மேல்தான் படுத்துத் தூங்கினேன். கதகதப்பாக இருக்கும். எப்போது கிழிந்தது, எங்கே போனது என்று நினைவில்லை.

கிழங்குச் செடி அந்த முறை முழங்கால் உயரத்துக்கு வந்தது. அப்பாவைக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். பிறகு இலை வாட ஆரம்பித்தது. முதலில் ஒரு துண்டில், அடுத்த வாரம் இன்னொன்றில். மழைக்கு என்றார்கள், கண்ணேறு என்றார்கள். ஒரு நாள் யாரோ செடியைப் பிடுங்கிப் பார்த்தார்கள். வேர் இருந்த இடத்தில் வேரே இல்லை. வெள்ளையாக, வளைந்து, சுருண்டு கிடந்தன புழுக்கள். கிழங்கைக் கையில் எடுத்தால் உள்ளே கூடு. துண்டு துண்டாகப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். எல்லாவற்றிலும் புழு. பெண்கள் சரிவில் உட்கார்ந்து ஒப்பாரி வைக்காத குறைதான்.

மறுநாள் காலையில் கடைசிக் காம்பரா மாமா வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தார். பீலிக்குப் போன ஒரு சித்தி அதைப் பார்த்து நின்றுவிட்டாள். பிளந்த மரத்துக்குள்ளிருந்து வெள்ளையாக, வளைந்து, சுருண்ட புழுக்கள் விழுந்தன.

அதற்கு மேல் என்ன விளக்கம் வேண்டும்? ஒரு நொடியில் லயம் முழுவதும் அந்த வாசலில் கூடிவிட்டது. அப்பாவைக் கூட்டி வந்தார்கள். அப்பா நியாயமாகத்தான் நடக்க நினைத்தார். அரிசி புடைக்கிற சொளகு ஒன்றை எடுத்துவரச் சொன்னார். ஒரு பக்கம் மரத்துப் புழு, இன்னொரு பக்கம் கிழங்குத் துண்டிலிருந்து தோண்டிய புழு. எல்லாரும் குனிந்து பார்த்தோம். நானும் பார்த்தேன். அதே வெள்ளை, அதே வளைவு, அதே செந்தலை.

“மரத்துல இருக்கிறது கொஞ்சம் பெருசா இருக்கே” என்றார் ஒரு தாத்தா.

“தின்னு கொழுத்திருக்கு” என்றாள் சித்தி.

“அவுங்க துண்டும்தான் போச்சு” என்றார் தாத்தா.

“கொண்டாந்த சனியன் வீட்டுக்காரனையும் தின்னாம விடுமா?”

அப்போது எவனோ என் கூட்டாளியின் டின்னைக் கண்டுபிடித்துத் திறந்துவிட்டான். கொம்பன் வெளியே வந்து சொளகில் நடந்தது. பெண்கள் அலறிக்கொண்டு பின்வாங்கினார்கள். அப்பா அதையும் புழுவையும் மாறி மாறிப் பார்த்தார். “இது தாய். அது குட்டி. காட்டுல இருந்ததை வெறகோட வீட்டுக்குக் கொண்டாந்துட்டாங்க, பாவம், தெரியாம” என்றார். ‘பாவம், தெரியாம’ என்று அவர் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை.

“எங்க கொம்பன் கெழங்கு திங்காதுங்க. நாங்க குடுத்துப் பாத்தோம்” என்றாள் என் கூட்டாளி. அவள் குரலை லயம் அன்றுதான் முதல் முதலாகக் கேட்டது.

“ஆமாப்பா, திங்கலப்பா” என்றேன் நானும். அம்மா என் தொடையில் வைத்துத் திருகினாள். எல்லாரும் சிரித்தார்கள்.

விறகையெல்லாம் வாசலிலேயே குவித்துக் கொளுத்தினார்கள். மாமாதான் தன் கையால் மண்ணெண்ணெய் ஊற்றினார். டின்னும் அதோடு போனது. ஈர மரம் எரியாமல் புகைந்து, அந்தப் புகை ராத்திரி வரை லயத்தில் நின்றது. என் கூட்டாளி அழவில்லை. அவள் வீடு எரிவதை முன்பே ஒரு முறை பார்த்தவள்.

அதற்குப் பிறகு நடந்ததை எழுதத்தான் கை கூசுகிறது. அத்தை வீடு வீடாகப் போனாள். ஒவ்வொரு வாசலிலும் நின்று, “எங்களால வந்திருச்சுங்க, மன்னிச்சுக்கிருங்க” என்று கையெடுத்துக் கும்பிட்டாள். அவளும் நம்பிவிட்டாள். எங்கள் வாசலுக்கும் வந்தாள். “போற எடமெல்லாம் கெடுதலக் கொண்டுக்கிட்டே போறோம் போல இருக்குங்க, உபதேசியாரய்யா” என்றாள். அப்பா, “கடவுள் பாத்துக்குவாரும்மா” என்றார். பீலியில் எல்லாரும் குளித்து முடித்த பிறகுதான் அவர்கள் வரவேண்டும் என்றாகிவிட்டது. யார் அப்படிச் சொன்னது என்று கேட்டால் யாரும் சொல்லவில்லை. அப்படி ஆகிவிட்டது. பட்டணத்தில் யாராவது நம்மைப் பார்த்து ‘இந்தியாவுல இருந்து நேத்து வந்தவங்க’ என்று சொன்னால் கொதித்துப் போகிற நாம், அந்த மூன்று பேரை ‘வந்தவங்க, வந்தவங்க’ என்று வாய்க்கு வாய் சொன்னோம். பழுப்பு வண்டுகள் மண்ணிலிருந்து கிளம்பி விளக்கு வெளிச்சத்துக்கு வந்து விழுந்தபோது அவற்றுக்குக் ‘கடைசிக் காம்பரா வண்டு’ என்று பேரும் வைத்துவிட்டோம். பெரிய கறுப்பு வண்டு எப்படிச் சின்னப் பழுப்பு வண்டு ஆனது என்று ஒருத்தருக்கும் கேட்கத் தோன்றவில்லை. ‘பெண் அது, ஆண் இது’ என்று முடித்துக்கொண்டார்கள்.

இதற்கு நடுவில் ஒரு சனிக்கிழமை அப்பா மெழுகுதிரி வாங்க நுவரெலியாவுக்குப் போனார். என்னையும் கூட்டிக்கொண்டு போனார். அந்தப் பயணத்தில் எனக்கு நன்றாக நினைவிருந்தது ஒரு டொஃபிதான். சிவப்புத் தாளில் சுற்றியது. பல்லில் ஒட்டிக்கொண்டு வரவே வராது. விதைக்கடை முதலாளி கொடுத்தார். அவர் அப்பாவிடம் ஏதோ பேசியதும் நினைவிருந்தது. ஆனால் சந்துக்குள் விழுந்த பொருள் மாதிரி அது இத்தனை வருடம் கைக்கு எட்டாமலே கிடந்தது. இப்போது எட்டுகிறது. எப்படி எட்டியது என்று பிறகு சொல்கிறேன். பேசியது இதுதான்.

“வாங்க உபதேசியார். புள்ள டொஃபி எடுங்க. ஒங்கள்ட்டக் கேக்கணும் எண்டே இருந்தேன். அந்தக் கப்பல் சாக்கு கொண்டு போனீங்கதானே? அதுக்குள்ள சின்ன வண்டு இருந்திருக்கி. மண்ணோட வந்ததாம். வாங்கின ஆக்கள்ட தோட்டமெல்லாம் வேர்ல புழு. வந்து ஏசிட்டுப் போறாங்க. ஒங்கட பக்கம் எப்பிடி?”

 அப்பாவின் கை என் கையைப் பிடித்திருந்தது. அது வேர்த்தது. நுவரெலியாக் குளிரில் வேர்த்தது.

“நம்ம பக்கம் அப்படி ஒண்ணும் இல்லீங்க, மொதலாளி” என்றார்.

“அல்லாட காவல்” என்றார் அவர்.

பஸ்ஸில் அப்பா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். நான் பல்லில் ஒட்டிய டொஃபியை நாக்கால் நோண்டிக்கொண்டு வந்தேன். மெழுகுதிரி வாங்க மறந்துவிட்டோம்.

மறுநாள் ஞாயிறு. செபம் முடிந்து எல்லாரும் கோயில் வாசலில் நிற்கும்போது கண்டாக்கு ஐயா மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார்.

“உபதேசியாரே, நீங்க பொறுப்புன்னு சொன்னதாலதான் விட்டேன். இப்ப தொரை கேக்குறாரு, யாரு இந்த வெளியாளுங்க, துண்டெல்லாம் நாசமாமேன்னு. ஒரு சொல்லு சொல்லுங்க. நீங்க இருக்கட்டும்னா இருக்கட்டும், நான் தொரைகிட்டப் பேசிக்கிறேன். வேணாம்னா போகட்டும்.”

லயமே அப்பாவைப் பார்த்தது. கடைசிக் காம்பரா மூன்று பேரும் ஓரமாக நின்றார்கள். அத்தையின் உதடு அசைந்துகொண்டிருந்தது, செபம் சொல்லியிருப்பாள். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எனக்கு ஒண்ணும் இல்லீங்க ஐயா. ஊரு மனசுதான் ஒத்துக்க மாட்டேங்குது” என்றார்.

“அப்ப போகட்டும்” என்றுவிட்டு அவர் வண்டியில் ஏறினார்.

அந்த அத்தை என்ன செய்தாள் தெரியுமா? சண்டை போடவில்லை. அப்பா முன்னால் மண்டியிட்டாள். மாமாவும் பிள்ளையும்கூட மண்டியிட்டார்கள். “நீங்க எங்களுக்குச் செஞ்சதே பெருசுங்க. ஆசீர்வாதம் பண்ணி அனுப்புங்க” என்றாள். அப்பா கட்டைவிரலால் மூன்று பேர் நெற்றியிலும் சிலுவை போட்டார். போட்டாரே. அந்தக் கையால் போட்டார்.

விடியற்காலையில் அதே ஒற்றை மூட்டையோடு இறங்கிப் போனார்கள். வவுனியாப் பக்கம் காணி கொடுக்கிறார்களாம், அங்கே போகிறோம் என்று சொன்னதாகப் பிறகு கேள்விப்பட்டோம். அந்தப் பக்கத்தில் அடுத்த வருடங்களில் என்னென்ன நடந்தது என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு செய்தியும் வரவில்லை. வரும் என்று நாம் எதிர்பார்க்கவும் இல்லை. அடுத்த முறை கிழங்கிலும் புழு வந்தது. ‘போயும் விட்டுட்டுப் போயிருக்காங்க பாரு’ என்றோம்.

அப்பா அதற்குப் பிறகு உருளைக்கிழங்கு சாப்பிடவில்லை. அம்மா அவருக்கு மட்டும் தனியாகப் பருப்போ கீரையோ வைப்பாள். யாராவது கேட்டால் “நேர்த்திங்க” என்பாள். அப்பா ஆமாம் என்றும் சொல்லமாட்டார், இல்லை என்றும் சொல்லமாட்டார். லயத்தின் பயிருக்காக உபதேசியார் கிழங்கை விட்டுவிட்டார் என்று பக்கத்துத் தோட்டம் வரை பேச்சுப் பரவியது. திருவிழாச் சாப்பாட்டில் அவர் இலையில் மட்டும் கிழங்குக் கறி இருக்காது. நான் பக்கத்தில் உட்கார்ந்து அதை நாலு பேருக்குக் காட்டிப் பெருமைப்படுவேன். அவருடைய அடக்கப் பூசையில் சாமியார் அந்தத் தியாகத்தைப் பற்றித்தான் பிரசங்கம் வைத்தார். நீங்கள் எல்லாரும் அழுதீர்கள். நான் உங்களைவிட அதிகமாக அழுதேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் ஹட்டனில் என் பேத்தியின் பள்ளிக்கூடத்தில் கண்காட்சி. முட்டி வலியோடு படியேறி ஒவ்வொரு மேசையாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். ஒரு மேசையில் கண்ணாடி மூடி போட்ட இரண்டு பெட்டிகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. ஒன்றில் கொம்பன். செத்து, ஊசி குத்தி, கறுப்புக்குள் அந்தக் கருஞ்சிவப்போடு. இன்னொன்றில் தேயிலைத் தூள் நிறத்தில் ஒரு பிடி சின்ன வண்டுகள்.

பேத்தியின் விஞ்ஞான டீச்சர் சின்னப் பெண். கிளிப்பிள்ளை மாதிரிச் சொன்னாள். “இந்தக் கொம்பு வெச்சது நம்ம மலைக்காட்டுல மட்டுந்தான் இருக்குங்க பாட்டி. இப்பக் காணவே கிடைக்காது. இதோட புழு உக்கிப்போன மரத்தத்தான் தின்னும். பச்சை வேர் பக்கமே போகாது. அந்தச் சின்னது வெளியில இருந்து வந்தது. வெதைக் கெழங்கோட, மண்ணோட. அதோட புழுதான் வேரத் திங்கிறது.”

நான் இரண்டு பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தேன். “ரெண்டு புழுவையும் பக்கத்துல வெச்சா வித்தியாசம் தெரியுமா?” என்று கேட்டேன்.

“சும்மா பாத்தா தெரியாதுங்க. நாங்களே வால் பக்கத்தப் பூதக்கண்ணாடி வெச்சுத்தான் பாப்போம்.”

அதைக் கேட்டதும் முதலில் எனக்கு நிம்மதிதான் வந்தது. பார்த்தீர்களா என் புத்தியை! அப்பாவுக்குத் தெரிந்திருக்க வழியில்லை, சொளகில் யார் பார்த்தாலும் ஏமாந்திருப்பார்கள் என்று நெஞ்சில் கையை வைத்துக்கொண்டேன். வேனில் திரும்பி வரும்போது பேத்தி ஒரு டொஃபியைப் பிரித்து என் வாயில் போட்டாள். அது பல்லில் ஒட்டியது. அவ்வளவுதான். கப்பல் சாக்கு, முதலாளி, வேர்த்த கை, ‘அப்படி ஒண்ணும் இல்லீங்க’ எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து உட்கார்ந்துகொண்டன. அம்மா சாக்கை உதறியது அதற்குப் பின்னால் வந்தது. அம்மாவுக்கும் தெரிந்துதான் இருக்கும். இல்லாவிட்டால் ஒரு நாளாவது ‘என்ன நேர்த்தி இது’ என்று அப்பாவிடம் சண்டை பிடித்திருக்க மாட்டாளா?

சொளகில் ஏமாந்ததை நான் மன்னித்துவிடுவேன். அது புழுவின் குற்றம். ஆனால் சனிக்கிழமை தெரிந்த மனிதர் ஞாயிற்றுக்கிழமை தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாரே. தீர்த்தம் தெளித்துக் கொடுத்த விதை கெட்டது என்று தன் வாயால் சொன்னால், பீலியில் பாட்டை நிறுத்துகிறவர்கள் நாளைக்கு நிறுத்தமாட்டார்கள் என்று பயந்தாரா? அந்த மரியாதைக்காகவா மூன்று பேரை இறக்கிவிட்டார்? அந்த மரியாதையில்தான் நானும் சோறு தின்று வளர்ந்தேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது. இந்த வயதில் இப்படி ஒரு வெட்கம் வரும் என்று நினைக்கவே இல்லை. கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தால் அப்பாவின் மூக்கு தெரிகிறது. அதுகூடக் கூசுகிறது.

மலர்க் கூட்டத்துக்கு நான் மேலே வந்த அன்று நீங்கள் உள்ளே பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தீர்கள். நான் பின்பக்கம் துண்டுகளைப் பார்க்கப் போனேன். இப்போதும் கிழங்குதான் போட்டிருக்கிறார்கள். ஒரு பிள்ளை, எட்டு வயது இருக்கும், செடிக்கு நடுவில் குந்தி எதையோ பொறுக்கிப் போத்தலில் போட்டுக்கொண்டிருந்தது. எட்டிப் பார்த்தேன். பழுப்பு வண்டு.

“என்ன வண்டு பாப்பா அது?”

“கடைசிக் காம்பரா வண்டு, பாட்டி.”

“ஏன் அந்தப் பேரு?”

“தெரியாது. கடைசிக் காம்பராவுல இருந்த யாரோ கொண்டாந்தாங்களாம். கெட்டவங்களாம்.”

நானும் அந்தப் பிள்ளை பக்கத்தில் குந்தினேன். முட்டி கத்தியது. “இல்ல பாப்பா. அவங்க கொண்டாரல. இது மொதக் காம்பரா வண்டு. உபதேசியார் கொண்டாந்தது. கோயில்ல படம் இருக்கில்ல, அந்தத் தாத்தா” என்றேன். வாய்விட்டு அதை நான் சொன்னது அதுதான் முதல் தடவை.

பிள்ளை என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சிரித்தது. “போங்க பாட்டி, பொய் சொல்றீங்க. அந்தத் தாத்தா நல்லவரு. நமக்காகக் கெழங்கே சாப்புட மாட்டாராம்.”

மலரில் அப்பாவின் படத்தைப் போடுவதானால் போடுங்கள். பக்கத்தில் இதையும் போடுங்கள். அந்தப் பிள்ளைக்கு வாசிக்கத் தெரியும், கேட்டுவிட்டுத்தான் வந்தேன்.